லஞ்சம் வாங்காதவருக்கு ஓர் இத்தாலிய விருந்து

உலகத்தில் நேர்மை என்ற ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால், அது டென்மார்க் அரசு அலுவலர்களிடம்தான் இருக்கிறது. நான் அதைக் கண்ணால் கண்டவன். அதனோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டவன்.

1988, டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரம். தொழிற்சாலையில் வேலை செய்யும் அந்தோனிதாசன், மன்னாரில் விட்டுவந்த மனைவி மேரிசெலினை அழைக்க விண்ணப்பித்து ஒரு வருடம் கடந்துவிட்டது. கேட்கும்போதெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில் தவறாமல் வந்தது. மன்னாரில் இராணுவச் சுற்றிவளைப்பும் தவறாமல் நடந்தது.

"அந்த ஒபிஸ் ஐயாவுக்கு ஒரு நல்ல சாப்பாடு குடுத்தால் பைல் அசையும் அண்ணை. ஊரிலை அரசாங்கக் கச்சேரியிலை அப்பிடித்தானே?" என்றார் அந்தோனிதாசன்.

ஊர்த் தமிழ்ச் சங்கச் செயலாளரும் 'அதிகாரபூர்வ' மொழிபெயர்ப்பாளருமாகிய நான் இத்திட்டத்தை ஏகமனதாக அங்கீகரித்தேன். 'பாரம்பரிய' இத்தாலிய உணவகம் ஒன்றில் மேசை பிடித்தோம். பைலைப் பார்க்கும் அலுவலர் பிரெபென், மேலதிகாரிக்கு முறைப்படி அறிவித்துவிட்டு, சொன்ன நேரத்துக்கு வந்தார்.

ஸ்பகெட்டிதான் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் "அடுப்பில் இருக்கிறது" என்றார் பரிமாறுபவர்.

"இதுவும் பரிசீலனையிலையாம்," என்றார் அந்தோனிதாசன்.

ஒருவழியாக வந்தது. உறைப்பு இல்லை, உப்பும் சந்தேகம். அந்தோனிதாசன் ஒரு வாய் கடித்துப் பார்த்தார்.

"அண்ணை, இது அவியேல்லை. மேரிசெலின் எண்டால் திரும்ப அடுப்பிலை ஏத்தியிருப்பாள்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பரிமாறுபவரிடம் முறையிட்டேன். "இப்படி அரைவேக்காடாக இறக்குவதுதான் எங்கள் பாரம்பரியம்!" என்றார் பெருமையோடு. பிரெபென் பலமாகத் தலையாட்டினார். தன் அலுவலகத்தை நினைத்துக்கொண்டாராக்கும்.

அதற்குமேல் அந்தோனிதாசனுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, மனுசியைக் கூப்பிட எனக்குச் சட்டத்திலை உரிமை இருக்கோ, இல்லையோ?"

மொழிபெயர்த்தேன்.

"நிச்சயமாக இருக்கிறது," என்றார் பிரெபென்.

"அப்ப ஏன் அவள் இன்னும் வரேல்லை?"

"தமிழர்களின் பைல்களைத் தொட வேண்டாமென்று மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள்." ஒளிவுமறைவில்லாத மனிதர்!

பில் வந்தது. அந்தோனிதாசன் பாய்ந்து பிடித்தார். பிரெபெனின் முகம் சிவந்துவிட்டது.

"மன்னிக்கவும். உங்கள் காசில் ஒரு கோப்பி குடித்தாலும் அது லஞ்சம். சட்டவிரோதம்!"

தான் குடித்த தண்ணீருக்கும் சேர்த்துத் தன் பங்கைக் கட்டிவிட்டு, எங்களுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார். எனக்கு மெய்சிலிர்த்தது.

அந்தோனிதாசன் திகைத்துப்போய் இருந்தார். "என்ன அண்ணை, இந்த மனுசன் ஒண்டுமே வாங்கமாட்டாரோ?"

"வாங்கவே மாட்டார் தம்பி," என்றேன். "ஊரிலை சட்டத்தை மீறுறதுக்குக் காசு கேப்பாங்கள். இஞ்சை அதைச் சும்மாவே செய்து தருகினம்."