நாற்காலிப் பக்கம் சாய்ந்த செடி

"இந்தச் செடி ஏன் ஜன்னலை விட்டுட்டு உங்க நாற்காலிப் பக்கம் சாயுது?"

மனைவி கேட்டதும் குமாஸ்தா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"காத்துல சாஞ்சிருக்கும்."

"பூட்டின வீட்டுக்குள்ள ஏது காத்து?"

காலை எட்டரைக்கு இருவரும் வேலைக்குக் கிளம்பினால் மாலைவரை வீடு பூட்டிக் கிடக்கும். அவள் அப்படித்தான் நம்பியிருந்தாள். ஆபீஸில் குமாஸ்தாவின் சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பி இரண்டு மாதமாகிறது. அவளை பஸ் ஏற்றிவிட்டு நேரே வீட்டுக்குத் திரும்பிவிடுவார். எதிர்வீட்டு அம்மாள் கண்ணில் பட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் திரையை இழுத்து மூடி, நாற்காலியருகே மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு விண்ணப்பம் விண்ணப்பமாக எழுதுவார். செடி பாவம், வெளிச்சம் இருந்த பக்கம் தலையை நீட்டியது.

மறுநாள் தொட்டியைத் திருப்பி வைத்தார். ஒரே வாரத்தில் செடி மறுபடி நாற்காலியை நோக்கி வளைந்து பாம்பு மாதிரி நின்றது. விளக்கை அலமாரிப் பக்கம் மாற்றினார். நுனி அலமாரியைப் பார்த்தது. பொறுமை போய், குச்சி நட்டு நூலால் கட்டிவைத்தார்.

"யாரு இதைக் கட்டினது?"

"நீதான்னு நெனச்சேன்."

"நான் கட்டலை. அப்போ பகல்ல யாரோ இங்க வந்து போறாங்க." சொல்லிக்கொண்டே அவருடைய சட்டைக் காலரை முகர்ந்து பார்த்தாள். குமாஸ்தாவுக்கு வியர்த்தது. வியர்த்ததையும் அவள் கவனித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, தனக்குத் தெரிந்த நர்சரிக்காரரைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள். அவர் செடியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், விளக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"திரையை மூடிட்டுப் பகல் பூரா விளக்கு எரியுது. செடி வெளிச்சத்தைத் தேடித்தானே திரும்பும்? பகல்ல வீட்ல யாரு இருக்கா?"

மனைவியின் பார்வை குமாஸ்தாமேல் வந்து நின்றது.

"நான்தான்," என்றார் அவர். "வேலை போயி ரெண்டு மாசம் ஆச்சு. உன்கிட்ட சொல்ல வாய் வரலை."

"ரெண்டு மாசமா வேலைக்குப் போற மாதிரி நடிச்சீங்களா? கட்டின பொண்டாட்டிகிட்டயேவா?"

அவள் குரல் ஏற ஏற, நர்சரிக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"அவரைத் திட்டாதீங்கம்மா. மூணு மாசமா நீங்க காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எங்க நர்சரி பெஞ்சுலயே உக்காந்திருக்கீங்க. நாங்க என்னைக்காவது ஏன்னு கேட்டோமா?"