ஏழாம் எண் ஆபத்து

தணிக்கை நாளன்று தான் ஒருவர் மட்டுமே வாய் திறப்பது என்று பிஸ்கட் முதலாளி தீர்மானித்தார். பெரிய கடைகளெல்லாம் கறாராகச் சொல்லிவிட்டன: உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தால் அலமாரியில் இடம், இல்லாவிட்டால் வாசலோடு சரி. வீட்டை ஒட்டிய கொட்டகையில் இரண்டு அடுப்பும் நான்கு வேலையாட்களுமாக ஓடுகிற கம்பெனிக்கு இதுதான் முதல் தணிக்கை. இவ்வளவு பெரிய விஷயத்தில் மனைவியைப் பேச விடலாமா?

"ஃபைலெல்லாம் நீ எழுது. நான் கையெழுத்து போடறேன். வர்றவங்ககிட்ட நான் பேசறேன்" என்றார்.

"சரிங்க" என்றாள் மனைவி.

பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படி மறுபேச்சில்லாமல் 'சரிங்க' சொன்னது இதற்கு முன் மூன்றே தடவை. மூன்றிலும் சேதாரம் முதலாளிக்குத்தான். அப்படியும் மனிதர் உஷாராகவில்லை.

அவர் கெட்டவர் அல்ல. ஒரே ஒரு பழக்கம். காலை பதினொன்று அடித்தால் டீயும் கையுமாக அடுப்பறைக்குள் நுழைவார். சூடான தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுப்பார். பாதியைக் கடித்துப் பதம் பார்த்துவிட்டு, மீதியைத் தட்டிலேயே வைப்பார். அவருக்குப் பொழுது விடிவதே அந்தப் பாதி பிஸ்கட்டுக்காகத்தான். போன வருஷம் மாவுக்குள் அவருடைய சட்டைப் பொத்தான் கிடந்தது.

"கையைக் கழுவிட்டு வாங்க. தொப்பி போடுங்க."

"வழுக்கைக்கு எதுக்கு தொப்பி? உதிர்றதுக்கு என்ன இருக்கு?"

"மீசை இருக்கே."

"என் கம்பெனி, என் தட்டு, என் மீசை!"

இதே வசனத்தைப் பல வருஷம் கேட்டவள் இந்தத் தடவை வாதாடவில்லை. உட்கார்ந்து எழுதினாள். மாவு வந்த தேதி, அடுப்பின் சூடு, எலிப்பொறி இருக்கும் மூலை என்று நூற்றுப் பன்னிரண்டு பக்கம். முதலாளி ஒரு கண்ணை டிவியில் வைத்துக்கொண்டு வரிசையாகக் கையெழுத்து போட்டார்.

"ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன்."

"கையெழுத்து போடறவன்தான் முதலாளி. படிக்கறது குமாஸ்தா வேலை."

"சரிங்க."

இது ஐந்தாவது.

தணிக்கைக்கு வந்த அதிகாரி அம்மா கையில் டார்ச்சோடு வந்தார். சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். மாவு மூட்டைக்கு அடியில் டார்ச் அடித்தார். எலிப்பொறியை எட்டிப் பார்த்தார். பிறகு ஆபீஸ் அறையில் உட்கார்ந்து முப்பத்து நான்காம் பக்கத்தைத் திறந்தார்.

"ஆபத்துப் பட்டியல். யாராவது படிங்க."

மனைவி எழுந்தாள். முதலாளி கையமர்த்தினார்.

"நானே படிக்கறேன் மேடம். எல்லாம் நான் பார்த்துப் பார்த்துத் தயார் பண்ணதுதான்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "ஒண்ணு, கல். ரெண்டு, இரும்புத் துண்டு. மூணு, பூச்சி. நாலு, ஈரம் பட்ட மாவு. அஞ்சு, சோப்புத் தண்ணி. ஆறு, முடி. ஏழு..."

நின்றார்.

"ஏழு?"

"ஏழு... முதலாளி."

"மேல படிங்க."

"வரும் நேரம், காலை பதினொன்று. தன்மை: கழுவாத கையால் தட்டைத் தொடுதல், கடித்ததைத் திருப்பி வைத்தல், பொத்தான் உதிர்த்தல். தடுப்பு முறை: கதவுக்கு வெளியே நிறுத்துதல்."

அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

இல்லை என்றால் நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் பொய், சான்றிதழ் போச்சு. ஆமாம் என்றால் பதினொரு மணி போச்சு. சொந்தப் பேனாவிலேயே சூனியம் வைத்துக்கொண்டாயிற்று. மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் எலிப்பொறி வரைபடம் நேராகத் தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னோடதுதான்" என்றார்.

"இத்தனை வருஷத்துல தன்னையே ஆபத்துன்னு எழுதிக்கிட்ட முதலாளியை நான் பார்த்ததில்லை சார். ரொம்பப் பெரிய மனசு. சரி, இந்தத் தடுப்பு வேலை செய்யுதான்னு பார்ப்போம். மணி பதினொண்ணு ஆகப் போகுது."

அடுப்பறையிலிருந்து வெண்ணெய் வாசனை வந்தது. முதலாளியின் கால் தானாக நடந்தது. கதவருகே அவருக்கு முன்பே மனைவி தொப்பியும் கையுறையுமாக நின்றாள்.

"எங்கே போறீங்க?"

"சும்மா... எட்டிப் பார்க்க."

"பக்கம் முப்பத்து நாலு."

"ஒண்ணே ஒண்ணு. இல்ல, பாதி!"

"பாக்கெட் போட்டதும் கடைக்குப் போகும். அங்க வாங்கிக்கோங்க."

அம்மா தன் தாளில் ஒரு டிக் போட்டார். நாள் முழுக்க அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

சான்றிதழ் வந்தது. மாலை போடாத குறையாகச் சட்டம் போட்டு மாட்டினார்கள். மறுநாள் பதினொரு மணிக்கு முதலாளி விறைப்பாகத் தெருமுனைக் கடைக்கு நடந்தார். தன் கம்பெனி பாக்கெட்டை, யார் தயவும் இல்லாமல், சுதந்திர மனிதனாகக் கேட்டார்.

கடைக்காரர் பாக்கெட்டை எடுத்தார். கொடுக்கவில்லை. கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"உங்க வீட்டம்மா காலைல கொடுத்துட்டுப் போனாங்க. நீங்க வந்தா முதல்ல இதுல கையெழுத்து வாங்கணுமாம்."

பக்கம் முழுக்க நெருக்கமான எழுத்து. மணியோ பதினொன்று ஐந்து. முதலாளி பேனாவை வாங்கினார். படிக்காமலேயே போட்டார்.