வாயெல்லாம் பல்லாக ஒரு தாடையில்லா மீன்

"தெரியாது", "தப்பு" என்ற இரண்டு சொற்களும் என் வாயில் அவ்வளவு சுலபமாக வராது. அதனால் ஒரு நல்ல வேலையே கைவிட்டுப் போயிருக்கிறது.

அப்போது விலங்கியலில் முதுகலை முடித்திருந்தேன். பீளமேட்டில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் நேர்காணல். இந்த வேலை கிடைக்காவிட்டால் ஆறு மாதத்தில் கல்யாணம் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். மாதிரி வகுப்புக்கு நான் எடுத்துக்கொண்டது, பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலில் வாழ்ந்து அழிந்துபோன ஒரு மீன். தலை முழுக்க எலும்புக் கவசம். தாடை மட்டும் கிடையாது. தலைக்கு அடியில் ஓட்டை மாதிரி ஒரு வாய், அவ்வளவுதான். எல்லாரும் படம் காட்டுவார்கள், நான் மீனையே காட்டுகிறேன் என்று (யார் கேட்டார்கள்?) பம்ப்செட் பவுண்டரி வைத்திருக்கும் மாமாவிடம் படத்தைக் கொடுத்து, அலுமினியத்தில் வார்க்கச் சொன்னேன்.

நேர்காணலன்று காலை, சாக்கில் சுற்றி இறுகக் கட்டிய மீனோடு கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டார் மாமா.

"சூப்பரா வந்திருக்குது கண்ணு. தைரியமாப் போ."

பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

தேர்வுக்குழுவில் மூன்று பேர். "தாடையே இல்லாத மீன்!" என்று முழங்கிவிட்டுச் சாக்கை உருவினேன். வாட்டசாட்டமான ஒரு தாடை. அதில் இரண்டு வரிசைப் பல். மாமா பாலிஷ் வேறு போட்டிருந்தார்.

நடுவில் இருந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஏனுங்க அம்மணி, இதுல தாடை இருக்குதுங்களே?"

தப்பு நடந்துபோச்சுங்க என்று சொல்லியிருந்தால் முடிந்தது. சொன்னேனா?

"இருந்துச்சுன்னு இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க மேடம்!"

"அப்படிங்களா? யாருங்க கண்டுபிடிச்சது?" என்று ஓரத்தில் இருந்தவர் பேனாவைத் திறந்தார். தொல்லுயிர் ஆராய்ச்சிதான் அவர் பிழைப்பே என்பது பிறகுதான் தெரிந்தது. கால் மணி நேரம் அந்தத் தாடைக்காக மூச்சுவிடாமல் வாதாடினேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

வெளியே வந்ததும், வாசலில் காத்திருந்த மாமாவிடம் மீனை நீட்டினேன். "தாடை எதுக்குங்க மாமா வெச்சீங்க?"

"நீ படத்துல உட்டுட்ட கண்ணு. டிராயிங்ல குறை இருந்தா நாங்க கேக்கறதே இல்ல, சரிபண்ணித்தான் குடுப்போம். தாடையில்லாம அது என்னத்தக் கடிச்சுத் திங்கும், பாவம்?"

வேலை போயிற்று. சொன்னபடியே ஆறாவது மாதம் ஈரோட்டில் கல்யாணம். இப்போது அங்கே ஒரு பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன், நன்றாகவே எடுக்கிறேன் (சந்தேகம் வேண்டாம்). ஆனால் பெண் பார்க்க வந்த அன்றே மாமா இந்தக் கதையை ஒன்றுவிடாமல் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார். இன்றைக்கும் நான் எதற்காவது வாதாட ஆரம்பித்தால், என் வீட்டுக்காரர் கும்பிட்டுக்கொண்டே சொல்வது ஒன்றுதான்:

"அம்மணி, மாமா வெச்ச தாடையக் கொஞ்சம் கழட்டி வெச்சுப்போட்டுப் பேசு!"