கறுப்பி வாசல் தாண்டிய நாள்

கறுப்பி என்கிற பழைய காரை வாசல் தாண்டி ஓட்டப்போவது தான் மட்டும்தான் என்று மெக்கானிக் முடிவு கட்டிவிட்டார். அதை மனைவியிடம் மூன்று தடவை சொன்னார். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அவர் வேலை பார்த்த இடம் ஒரு காலத்தில் புதுக் கார் விற்ற ஷோரூம். இடிந்து கிடந்ததை நிமிர்த்தி, வளைவு ஜன்னலுக்கெல்லாம் கண்ணாடி போட்டு, பழைய கார்களுக்கு மியூசியம் ஆக்கியிருந்தார்கள். பதினாலு கார். கறுப்பி ஒன்றுதான் அதே கடையில் விற்ற கார். திறப்பு விழாவில் யாரும் தள்ளாமல் அது ஓடியே வெளியே வர வேண்டும். ஓட்டுகிறவர் படம் சுவரில் ஏறும். மெக்கானிக் ஆணியே அடித்துவிட்டார்.

கறுப்பி சாவிக்கு மசியாது. ஒருவர் முன்னால் ஹேண்டில் செருகிச் சுற்ற வேண்டும். இன்னொருவர் உள்ளே ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். சீட்டுக்குத் தோல் தைத்தவள் மனைவி. அவளையே உட்கார வைத்தார்.

"நான் சுத்தட்டுமா?"

"ஹேண்டில் திருப்பி அடிச்சா மணிக்கட்டு போயிரும். அது ஆம்பள வேலை. நீ சும்மா மிதி. சூடேறுறதுக்குள்ள கால எடுத்தா அணைஞ்சிரும். மறுபடி கிளம்ப ஒரு மணி நேரம் ஆகும். மானம் போயிரும்."

"சரிங்க."

அந்தச் "சரிங்க"வை நம்பி அவர் ஒருநாளும் உருப்பட்டதில்லை.

எட்டு நாள் ஒத்திகை. கிளம்பியதும் நிறுத்திவிடுவார். இடம் மாறி உட்கார்ந்து பார்க்கவே இல்லை. அவ்வளவு பெரிய மூளை.

விழா நாள். மூன்றாவது சுற்றில் கறுப்பி இருமியது, உறுமியது. ஒரே கைதட்டல். ஹேண்டிலை உருவிக்கொண்டு மெக்கானிக் கதவுப் பக்கம் வந்தார்.

"இறங்கு."

"எப்படிங்க? கால எடுத்தா அணைஞ்சிருமே."

"நகரு, நான் வைக்கிறேன்."

"ஒரு மிதிக்கு ரெண்டு காலா? எல்லாரும் பாக்குறாங்க."

"உனக்கு ஓட்டத் தெரியாதுடி."

"கியர் எங்க விழும்னு தினமும் சாப்பிடறப்ப கரண்டியால காட்டுனீங்களே. மிச்சத்த டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கிட்டேன். லைசென்ஸ் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. தள்ளி நில்லுங்க, கால்ல ஏத்திரப் போறேன்."

கறுப்பி குலுங்காமல் போனது. வாசல் தூணுக்கு ஒரு சாண் விட்டு அழகாகத் திரும்பியது. அவர் ஓட்டியிருந்தால் உரசியிருப்பார். அது அவருக்கே தெரியும். கோபம் வரவேண்டிய நேரத்தில் நெஞ்சு நிமிர்ந்தது. பக்கத்தில் நின்றவர் கேட்காமலே, "என் வீட்டுக்காரி" என்றார்.

இப்போது படம் சுவரில் இருக்கிறது. போன வாரம் பார்க்க வந்த ஒருத்தர் கேட்டார்.

"ஓட்டுறது யாருங்க?"

"என் சம்சாரம்."

"அன்னிக்கு நீங்க வரலையா?"

படத்தின் ஓரத்தில் ஹேண்டில் பிடித்த கை ஒன்று பாதி தெரிந்தது. மெக்கானிக் அதைத் தொட்டுக் காட்டினார்.

"இது நான்."