காண்டாமிருகம் போட்ட சைக்கிளை அண்ணன் வாங்கலாமா?

உலு திராம், ஜொகூர்
செவ்வாய்க்கிழமை காலை

அன்பும் மரியாதையும் நிறைந்த பிரேமளா அண்ணிக்கு யோகேஸ்வரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். என் வீட்டுக்காரர் நலம். சைக்கிள் மட்டும் நலமாக இல்லை. அங்கு யோங் பெங்கில் உங்கள் முட்டி வலியும் அண்ணனின் சர்க்கரையும் நீங்கள் மாற்ற நினைத்திருக்கும் சமையலறையும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய குரல்பதிவை மூன்று முறை கேட்டேன். "யோகேஸ், உங்கண்ணன் வெள்ளிக்கிழமை போயி முன்பணம் கட்டப் போறாராம். உன் வீட்டுக்காரரு சுகுமாறன் வச்சிருக்கிற அதே சைக்கிள்தான் வேணுமாம். அந்தக் காசுலதான் என் அடுப்படிக்கு மேடை கட்டறதா பேச்சு. நீ சொன்னா கேப்பாரு. வாட்ஸ்அப்புல வேணாம், பேப்பர்ல எழுது. நான் சாப்பாட்டு மேசையில வச்சுப் படிச்சுக் காட்டறேன்" என்று அழாத குறையாகச் சொல்லியிருந்தீர்கள். நல்ல யோசனைதான். வாட்ஸ்அப்பில் வரும் எதையும் அண்ணன் நம்புவதில்லை. நம்பாமலே எல்லோருக்கும் அனுப்பி வைப்பார். பேப்பரில் மையால் எழுதியிருந்தால் போதும், கிரகணம் நாளைக்கு இல்லை நாளன்றைக்கு என்றாலும் நம்பிவிடுவார். ஆகவே அண்ணன் காதில் விழும்படி, உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். வாசிக்கும்போது தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கு சைக்கிள் மேல் ஆசையில்லை. என் கல்யாணத்தன்றிலிருந்து இந்த மச்சான்கள் இருவரும் ஓடிக்கொண்டிருக்கும் பந்தயம் இது. அண்ணன் இரண்டு கதவு குளிர்பெட்டி வாங்கினார். இவர் மூன்று கதவு வாங்கினார். மூன்றாவது கதவுக்குப் பின்னால் இன்றுவரை ஒரு பாட்டில் ஊறுகாய்தான் இருக்கிறது. இவர் வீட்டு வாசலில் இரும்புக் கதவு போட்டார். அண்ணன் பொத்தானை அழுத்தினால் திறக்கும் கதவு போட்டு, அது திறக்காத நாளில் ஏறிக் குதித்து வேலைக்குப் போனார். இப்போது சைக்கிள்.

இந்தச் சைக்கிளைச் செய்து விற்பது கார் கம்பெனி. பெயரை எழுத மாட்டேன், எழுதினாலும் எனக்குச் சரியாக உச்சரிக்க வராது. வெள்ளி நிறத்தில் காண்டாமிருகத் தலை போட்ட கார் என்றால் அண்ணனுக்குத் தெரியும். அந்தக் காரின் ஒரு கதவு விலைக்கு எங்கள் வீட்டில் பாதி வாங்கலாம். இவர் இருபது வருடமாக விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போய், ஒரு பெரிய கட்டடத்தில் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருக்கிறார் அல்லவா? அங்கே கீழ்த்தளத்தில் தினமும் மூன்று காண்டாமிருகங்கள் வந்து நிற்குமாம். அவை வரும்போது ஆரஞ்சு நிறக் கூம்பை எடுத்து வழிவிடுவதும், போன பிறகு திரும்ப வைப்பதும் இவர் வேலையில் ஒரு பகுதி. இதை எனக்கு அவர் சொன்னதே சைக்கிள் வந்த அன்றைக்குத்தான். "இருவது வருசமா அதுக்குக் கூம்பு எடுத்து வைக்கிறேன் யோகேஸ். ஒரு நாளாவது அது எனக்காக நிக்கட்டுமே" என்றார். திட்டுவதற்கென்று நான் நான்கு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். நான்கையும் மடித்து உள்ளேயே வைத்துக்கொண்டேன். அண்ணி, இந்த இடத்தை அண்ணனுக்கு வாசிக்க வேண்டாம். அடுத்த பத்தியிலிருந்து வாசியுங்கள்.

பெட்டி வந்தது. என் தாலிகூட அவ்வளவு பஞ்சில் வைத்து வரவில்லை. உள்ளே சைக்கிளோடு வெள்ளைக் கையுறை, தோல் அட்டை போட்ட புத்தகம், உரிமையாளர் சங்கத்தில் சேர்ந்ததற்கான அட்டை எல்லாம் இருந்தன. மிதிகட்டை மட்டும் இல்லை. கம்பெனியைக் கூப்பிட்டுக் கேட்டால், இந்தத் தரத்துச் சைக்கிள் வாங்குகிறவர்கள் மிதிகட்டையைத் தங்கள் ரசனைக்கேற்பத் தனியாக வாங்கிக்கொள்வார்கள் என்று ஒரு பெண் தேன் ஒழுகச் சொன்னாள். ஸ்டாண்டு இல்லை. மணி இல்லை. சேறு அடிக்காமல் இருக்கச் சக்கரத்துக்கு மேல் போடும் தகடு இல்லை. பின்னால் ஒரு கிலோ அரிசி வைக்க இடமில்லை. இல்லாத ஒவ்வொன்றுக்கும் அவர்கள் ஒரு காரணம் சொன்னார்கள், ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு விலை வைத்தார்கள். ஸ்டாண்டு இல்லாததால் அதைச் சுவரில் சாய்க்க வேண்டும், சுவரில் சாய்த்தால் கீறல் விழும். ஆகவே எங்கள் மைவி கார் போர்ச்சை விட்டு வெளியேற்றப்பட்டு மழையில் நிற்கிறது. அதன் உறையைப் போர்த்திக்கொண்டு சைக்கிள் நடு போர்ச்சில் மெத்தை மேல் சாய்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ரொஹானா மக்சிக் எட்டிப் பார்த்து, "அலமாக்! உள்ள யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் விசாரித்தார்.

புது வண்டி என்றால் பூசை போட வேண்டும் இல்லையா? போட்டோம். குருக்கள் சைக்கிளை ஒரு சுற்று சுற்றி வந்து, "நம்பர் பிளேட் எங்கங்க?" என்றார். பிறகு மனதைத் தேற்றிக்கொண்டு சந்தனம், குங்குமம் வைத்து, முன் சக்கரத்துக்கு ஒன்று பின் சக்கரத்துக்கு ஒன்று என்று எலுமிச்சம்பழம் வைத்தார். கார் நசுக்கும், மோட்டார் சைக்கிள் நசுக்கும். இது இரண்டு விரல் அகலச் சக்கரம். இவர் ஏறி ஒரு மிதி மிதித்தார். எலுமிச்சம்பழம் உருண்டு போனது. இவர் வேறு பக்கம் உருண்டு போனார். பழம் இரண்டும் முழுசாகக் கிடந்தன, இவர் முழங்கால்தான் நசுங்கியது. அடுத்த வாரம் பார்த்தால் வெள்ளைக் கைப்பிடிப் பட்டையில் செம்மஞ்சள் நிறக் கறை. கம்பெனிக்குப் படம் எடுத்து அனுப்பினார். 'எண்ணெய்ப்பசையுள்ள இயற்கைப் பொருள்' பட்டதால் உத்தரவாதம் செல்லாது என்று பதில் வந்தது. குருக்களின் குங்குமம்தான் காரணம் என்று முடிவு கட்டி, இவர் மூன்று மாதமாக அந்தக் கோயில் பக்கமே போவதில்லை.

சரி, ஓட்டவாவது ஓட்டினாரா என்று அண்ணன் கேட்பார். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டினார். மொத்தம் நாற்பத்தொரு கிலோமீட்டர். அதிலும் சாலை ஈரமாக இருந்த இடங்களில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார், ஆகவே யார் யாரை ஓட்டினார்கள் என்பதே கேள்விதான். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் துடைக்கிறார். துடைக்கும்போதுதான் கோளாறுகள் தெரிய ஆரம்பித்தன. ஒன்று, இருக்கை தானாக இறங்குகிறது. இவர் தன் உயரத்துக்கு ஏற்றி முறுக்கி வைப்பார். அடுத்த ஞாயிறு பார்த்தால் ஒரு சாண் கீழே இருக்கும். கம்பெனி புதுப் பூட்டு அனுப்பியது. அதுவும் இறங்கியது. இரண்டாவது, மீட்டர். கைப்பிடியில் இருக்கும் சின்னத் திரையில் தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் காட்டுகிறது. வீட்டில் சும்மா நின்ற சைக்கிள்! போன புதன்கிழமை வேலைக்குப் போகுமுன் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு போனார். சாயங்காலம் வந்து பார்த்தால் பதினெட்டு கிலோமீட்டர் கூடியிருந்தது.

"நீ மத்தியானம்தான ஸ்கூலுக்குப் போற? காலையில வீட்டுலதான இருந்த? யாரும் வந்தாங்களா?" என்று கேட்டார்.

"வீட்டுல இருந்த வரைக்கும் நான் யாரையும் பாக்கலங்க" என்றேன்.

கம்பெனிக்கு எழுதினார். 'எங்கள் மீட்டர் சைக்கிள் போகும் இடத்துக்கு மட்டுமே போகும்' என்று பதில் வந்தது. அவ்வளவு விலை கொடுத்தவருக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்குமே சுருக்கென்றுதான் இருந்தது.

கடைசியில் பஜாரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் வீரமுத்துவிடம் கொண்டுபோனார். முப்பது வருடமாக ஸ்பானரும் கையுமாக இருக்கும் மனிதர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தார், ஒரு விரலால் சட்டத்தைத் தட்டினார்.

"அண்ணே, மனசு நோகாதீங்க. இத செஞ்சது கார் கம்பெனி இல்ல. சைக்கிள் செய்ற தொழிற்சாலைதான் செஞ்சிருக்கு. அவன் சொந்தப் பேருல இதே சட்டம், இதே கியர், மூணுல ஒரு பங்கு வெலைக்கு நானே வித்திருக்கேன். மிச்ச ரெண்டு பங்கு இந்த மிருகத்தோட தலைக்குத்தான்லா" என்றார்.

"அப்ப இது மட்டமான சாமானா?" என்று இவர் குரல் இறங்கிப்போய்க் கேட்டார்.

"யாரு சொன்னா? தங்கமான சாமான். மிதிச்சவங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு வீரமுத்து ஏனோ என்னைப் பார்த்தார். நான் டயர்களின் விலைப்பட்டியலை மிகவும் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே அண்ணனுக்கு என் முடிவான வார்த்தை இதுதான். கார் கம்பெனி பெயருக்காக சைக்கிள் வாங்காதீர்கள். பெயர் மிதிக்காது. பழுதானால் பாலம் தாண்டிப் போக வேண்டும், விற்கப் போனால் பாதி விலைக்கும் ஆள் வராது. நான் ஏறி ஓட்டிப் பார்த்துச் சொல்லவில்லை. பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். ஓட்டினால் காற்றுபோல இருக்கும், மேட்டில் கியர் மாறுவது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இருக்கும், செம்பனைத் தோட்டத்து ஓரம் இறக்கத்தில் கையை விடலாம்போல இருக்கும் என்றெல்லாம் கேள்விப்படுகிறேன். அதெல்லாம் சமையலறை மேடைக்கு முன்னால் பெரிதா? அண்ணன் நிதானமாக யோசிக்கட்டும்.

உங்கள் முட்டி வலி தீரவும், அண்ணனுக்கு நல்ல புத்தி நிலைக்கவும், உங்கள் வீட்டில் எல்லாச் செல்வமும் (மிதிகட்டையுடன்) சேரவும் தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். வீட்டுக்காரர் தன் மரியாதையைத் தெரிவிக்கச் சொன்னார். மச்சானுக்கு மட்டும் கொஞ்சம் குறைத்துத் தெரிவிக்கச் சொன்னார்.

என்றும் உங்கள் அன்புக்குரிய
யோகேஸ்வரி

பின்குறிப்பு. புதன்கிழமை காலை, மணி எட்டரை.

அண்ணி, இந்தப் பக்கத்தை நீங்கள் மட்டும் படியுங்கள். மேலே உள்ளதை அண்ணனுக்கு வாசித்துவிடாதீர்கள். வாசிக்க ஆரம்பித்திருந்தால் தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லி நிறுத்திவிடுங்கள்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது இவர் சொல்கிறார்: காரணம் தெரியாத கோளாறு என்பதால் கம்பெனி பெரிய மனது பண்ணி சைக்கிளைத் திரும்ப எடுத்துக்கொள்கிறதாம். சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறாராம். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். அந்தச் சைக்கிளில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு நான்தான்.

இவர் கிளம்பிப் போய், விடிந்து, வெளிச்சம் வந்ததும் உறையை எடுத்துவிட்டு நான் ஏறுகிறேன். இருக்கையை இறக்குவது நான். பதினெட்டு கிலோமீட்டர் நான். செம்பனைத் தோட்ட முனையில் ஒரு நாசி லெமாக் கடை இருக்கிறது. பொட்டலத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கிறது, பின்னால் வைக்கத்தான் இடமில்லையே. பட்டையிலுள்ளது பொட்டலத்திலிருந்து ஒழுகிய மிளகாய்ச் சம்பல். பாவம், குருக்கள். அவர் பெயரில் வெள்ளிதோறும் ஒரு நெய் விளக்கு ஏற்றுகிறேன். ஒரு தரம் விழுந்து பிரேக் வளைந்தபோது நிமிர்த்திக் கொடுத்து வாயை மூடிக்கொண்டவர் வீரமுத்து. ரொஹானா மக்சிக் தினமும் எனக்குக் கையசைக்கிறார்.

இவரிடம் சொல்லிவிடலாமே என்பீர்கள். சொன்னால் கோபப்பட மாட்டார். சந்தோஷமாக ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து போகலாம் என்பார், மெதுவா மெதுவா என்று பின்னாலேயே வருவார். அதற்குத்தான் பயமாக இருக்கிறது. நாற்பத்தாறு வயதில் எனக்கென்று ஒரு மணி நேரம் இப்போதுதான் வாய்த்திருக்கிறது. அந்த நேரத்தில் நான் யாருக்கும் டீச்சர் இல்லை, யாருக்கும் அண்ணி இல்லை, யாரும் என்னிடம் சாவி எங்கே என்று கேட்பதில்லை. அவர் கூம்பு தூக்கிய கதையைச் சொன்னபோது எனக்கு ஏன் திட்ட வாய் வரவில்லை என்று நான் கண்டுகொண்டதும் அந்தத் தோட்ட ஓரத்தில்தான். நானும் இத்தனை வருடம் ஏதோ ஒரு கூம்பை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இனி காரியத்துக்கு வருகிறேன். நேற்று நான் மெதுவாக, "அண்ணனும் இதையேதான் வாங்கப் போறாராம்" என்று போட்டுப் பார்த்தேன். வாய்க்குப் போன இவர் கை பாதி வழியில் நின்றுவிட்டது. "மச்சான் வாங்கறாரா? அப்ப எப்படி நான் திருப்பிக் குடுக்கறது? அவரு ஓட்டிக்கிட்டுத் திரிவாரு, எனக்கு வசதியில்லன்னு ஊரு பேசும். அவரு வாங்கட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றார். ஆக, வெள்ளிக்கிழமை அண்ணன் முன்பணம் கட்டினால் சனிக்கிழமை என் சைக்கிள் வீட்டில் இருக்கும். கட்டாவிட்டால் போய்விடும். அதனால்தான் இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், நாளைக்கே உங்கள் கைக்கு வந்துவிடும்.

உங்கள் சமையலறையைப் பறிக்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது. ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்தேன். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள் அண்ணி. புது மேடை வந்தால் அதன் முன்னால் நிற்கப் போவதும் நீங்கள்தான். சைக்கிள் வந்தால் அண்ணன் மூன்று ஞாயிறு ஓட்டுவார், பிறகு துடைப்பார். மற்ற ஆறு நாளும் அது யாருடையது? முட்டி வலிக்கு மிதிப்பது நல்லது என்று வேறு டாக்டர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். பள்ளி விடுமுறையில் இரண்டு பேரும் நம் ஊர்களுக்கு இடையில் இருக்கும் ஆயர் ஈத்தாமில் சந்திக்கலாம். பெரும்பாதி தூரம் சைக்கிளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு மிச்சத்தை மிதிக்கலாம்.

அளவில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். என்னுடையது இவர் உயரத்துக்கு வாங்கியது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஒற்றைக் கால் விரலில் கொக்குபோல நிற்கிறேன். உங்களுக்கு ஆகச் சின்ன அளவுதான் சரி. அண்ணன் ஏறிப் பார்த்து, முட்டி நெஞ்சில் இடிக்கிறதே என்று கேட்டால், ஐரோப்பாவில் எல்லோரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்று சொல்லுங்கள். வாயால் சொல்ல வேண்டாம், பேப்பரில் எழுதிக் காட்டுங்கள்.