நல்ல காரியத்துக்குப் போனால் நிற்கும் வண்டி

பழைய வண்டி வாங்கியவனுக்கு ஊரெல்லாம் வைத்தியர்கள். வண்டி ஏன் நிற்கிறது என்பதற்கு டீக்கடைக்காரரிடம் ஒரு காரணம் இருக்கும், தபால்காரரிடம் ஒரு காரணம் இருக்கும், சைக்கிள் கூட ஓட்டத் தெரியாதவரிடம் இரண்டு காரணம் இருக்கும். இவர்கள் எல்லோரையும் விட ஆபத்தான வைத்தியர் ஒருவர் உண்டு. அவர்தான் வண்டியின் சொந்தக்காரர். தொண்ணூறுகளின் நடுவில், திருவண்ணாமலையில், அந்த ஆசாமி நான்.

வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கூட வேலை பார்த்த தனபால் சாருக்கு மாற்றல் வந்ததும் அவருடைய பைக்கை எனக்கு விற்றார். அவர் தொழிற்சங்கக்காரர். கடவுள், ஜாதகம், நல்ல நேரம் எதிலும் நம்பிக்கை இல்லாதவர். "ஒரு நாள்கூட வழியில நின்னதில்ல தம்பி" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். என்னிடம் வந்த ஒரே மாதத்தில் அது நிற்க ஆரம்பித்தது. மனிதர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டி, அவர் அனுப்பிய பொங்கல் வாழ்த்துக்குப் பதில்கூடப் போடவில்லை.

வண்டியின் குணம் இதுதான். ஜோராக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று இரண்டு தும்மல் போட்டுவிட்டு நின்றுவிடும். எத்தனை உதைத்தாலும் அசையாது. கொஞ்ச நேரம் ஓரமாக நிறுத்தி வைத்தால் ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி கிளம்பும். மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனால், அவர் முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்து ஒரு ஆட்டு ஆட்டி, "பெட்ரோல் இருக்குது" என்று மூடுவார். ஒரே உதை. புலி மாதிரி உறுமும். "வண்டியில ஒண்ணுமில்லயே சார்" என்று சொல்லிவிட்டு, கோளாறு வேறு எங்கோ இருக்கிறது என்பது போல் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

அதனால் நானே வைத்தியத்தில் இறங்கினேன். சத்தத்தை வைத்தே இன்ஜினின் நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு. (சைலன்சருக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டதில் காது மடலில் கொப்புளம் வந்தது. ஆபீசில் கேட்டவர்களிடம் எறும்பு கடித்துவிட்டது என்றேன்.) பிளக்கை மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினேன். இக்னிஷன் காயிலை மாற்றினேன். வண்டி அத்தனைக்கும் ஒத்துழைத்துவிட்டு, அப்புறமும் நின்றது.

விஞ்ஞானத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவும் பயமாக இருந்தது. வண்டி நிற்க நிற்க எனக்குப் பக்தி ஜாஸ்தியானது. வெள்ளிக்கிழமை தோறும் வண்டியைக் கழுவித் துடைத்து, ஹெட்லைட்டிலும் நம்பர் பிளேட்டிலும் டேங்க்கின் மேலேயும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் எடுப்பேன். முக்கியமான காரியத்துக்குப் போகிறேன் என்றால் கிழமை பார்க்காமல் இதே மரியாதை உண்டு.

இந்த நேரத்தில்தான் கீழ்பென்னாத்தூரில் வசந்தியைப் பெண் பார்த்தோம். பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். "வண்டி ஓட்டுவீங்களா?" என்று அவள் அப்பா கேட்டதற்கு, "ஓட்டறது என்னாங்க, முழு இன்ஜினையும் கழட்டி மாட்டுவேன்" என்று அள்ளிவிட்டேன். கதவருகில் நின்ற வசந்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் விழுந்தேன். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு தடை, அவளுடைய தாய்மாமன் முனிரத்தினம். கீழ்பென்னாத்தூரில் கடலை எண்ணெய் மண்டி வைத்திருந்தார். அவர் சம்மதம் இல்லாமல் அந்த வீட்டில் பாயசத்துக்குச் சர்க்கரைகூடப் போட மாட்டார்கள். மனிதருக்குச் சகுனத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. எதிரில் யாராவது தும்மினால் எண்ணெய் லோடையே மறுநாளைக்குத் தள்ளிவைப்பாராம்.

நிச்சயதார்த்தம் ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். அம்மாவும் சொந்தக்காரர்களும் தட்டுகளோடு வேனில் கிளம்பினார்கள். வேனில் எனக்கும் அப்பாவுக்கும் இடம் இருந்தது. ஆனால் வசந்தி வீட்டு வாசலில் பைக்கில் போய் ஸ்டைலாக இறங்க வேண்டும் என்பது என் ஆசை. விடியற்காலையிலேயே வண்டியைக் குளிப்பாட்டி, டேங்க்கை ரொப்பி, வழக்கத்தைவிடத் தாராளமாகச் சந்தனத்தை அப்பினேன். அப்பாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், கடலைக் கொல்லைக்கு நடுவில், தும்மல்.

"என்னாடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. பிளக்குல கரி."

"பெட்ரோல் இருக்குதா பாரேன்."

"காலையிலதான்பா ஃபுல் டேங்க் போட்டேன். நீங்க சும்மா இருங்க."

(அப்பா பேச்சைக் கேட்டு மூடியைத் திறந்திருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது.)

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். வண்டி கிளம்பியது. "பாத்தீங்களா?" என்றேன். அடுத்த ஊர் வருவதற்குள் மறுபடி நின்றது. இந்த வாட்டி கார்புரேட்டர். மூன்றாவது வாட்டி நின்றபோது என்னிடம் காரணம் தீர்ந்துபோயிருந்தது. அப்பா மைல்கல்லின் மேல் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

வசந்தியின் தெருவுக்குள் நுழையும்போது பத்தரை தாண்டிவிட்டது. அதோடு விட்டதா? அவள் வீட்டுக்கு நாலு வீடு முன்னால் வண்டி நாலாவது முறையாகப் படுத்தது. நான் ஹேண்டிலைப் பிடித்து இழுக்க, அப்பா பின்னால் தள்ள, என் முகமெல்லாம் கரியோடு மாப்பிள்ளை ஊர்வலம் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. வேனில் வந்த எங்கள் ஆட்கள் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். முனிரத்தினம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"எத்தினி வாட்டி தம்பி நின்னுச்சு?"

"நாலு வாட்டிங்க" என்றார் அப்பா. பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"சகுனம் சரியில்லீங்க. நல்ல நேரமும் பூடுச்சு. மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க, சாப்ட்டுட்டுக் கெளம்புங்க. இந்தப் பேச்ச இத்தோட வுட்டுடலாம்."

வசந்தியின் அப்பா தலை குனிந்துகொண்டார். என் அம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இனி நான்தான் வாதாட வேண்டும் என்று முன்னால் போனேன்.

"இது சகுனம் இல்லீங்க மாமா. மிஷின் கோளாறு. இப்பப் பாருங்க."

உதைத்தேன். உதைத்தேன். தெருப் பிள்ளைகள் எண்ண ஆரம்பித்தார்கள். வண்டி முனகக்கூட இல்லை.

"மிஷின் கோளாறுன்னா தினம் நிக்கணும் இல்ல?" என்றார் மாமா.

இங்கேதான் என் வாழ்க்கையின் மகா முட்டாள்தனத்தைச் செய்தேன். என் ஆராய்ச்சி முடிவுகளை முழுசாக எடுத்து வைத்தால் மாமாவுக்குப் புரிந்துவிடும் என்று நினைத்து, "இல்லீங்க மாமா, ஆபீசுக்குப் போனா அதிகமா நிக்காது. சினிமாவுக்குப் போனா நிக்காது. கல்யாணம், கோயில், வெள்ளிக்கிழமைன்னு நல்ல காரியத்துக்குப் போனா மட்டும்தான் நிக்கும்" என்றேன்.

என் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். முனிரத்தினம், வழக்கில் ஜெயித்தவர் போல, எல்லோரையும் சுற்றிப் பார்த்தார்.

அப்போது உள்ளேயிருந்து வசந்தியின் குரல் வந்தது.

"மாமா, நல்ல காரியத்துக்குன்னா வண்டிய என்னா பண்ணுவாருன்னு கேளுங்க."

நானே பதில் சொன்னேன். "கழுவுவேன். பொட்டு வைப்பேன்."

"எங்கன்னு கேளுங்க மாமா."

பதிலுக்குக் காத்திராமல், பட்டுப் புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக அவளே வாசலுக்கு வந்துவிட்டாள். டேங்க் மூடியைக் குனிந்து பார்த்தாள். அதன் நடுவில் என் பக்தி ஒரு வடை கனத்துக்கு ஏறியிருந்தது. கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, அந்தச் சந்தனத்தின் நடுவில் குத்தி ஒரு திருகு திருகினாள். "ஸ்ஸ்ஸ்" என்று டேங்க் மூச்சு இழுக்கும் சத்தம் வாசல் முழுக்கக் கேட்டது.

"மூடியில ஒரு சின்ன ஓட்ட இருக்குது. அத அடைச்சி வச்சிருக்காரு" என்றாள். பிறகு மாமா பக்கம் திரும்பி, "எண்ணெ டின்னுல ஒரே ஓட்ட போட்டா எண்ணெ எறங்குமா மாமா?"

முனிரத்தினம் டேங்க் மூடியைக் கிட்டப் போய்ப் பார்த்தார். சகுனத்தை விடலாம், தொழிலை எப்படி விடுவது?

"எறங்காது" என்றார் கடைசியில். "காத்து போவ இன்னொரு ஓட்ட போட்டாத்தான் எறங்கும்."

"அதேதான் இதுக்கும். இப்ப ஒதைங்க" என்றாள் என்னிடம். என்னோடு அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. கொஞ்ச நேரம் விட்டு ஒரே உதை விட்டேன், வண்டி உறுமியது. என் அப்பா கை தட்டினார். தெருப் பிள்ளைகள் விசில் அடித்தார்கள்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஈரச் சந்தனம் துவாரத்தை அடைக்கும், வண்டி நிற்கும். நாலு நாளில் காய்ந்து உதிர்ந்துபோகும், வண்டி ஓடும். மெக்கானிக் மூடியைத் திறந்தால் காற்று உள்ளே போகும், உதைத்ததும் கிளம்பும். பொட்டே வைக்காத தனபால் சாருக்கு அது ஒரு நாளும் நின்றிருக்காது. நிற்கக் கூடாது என்று நான் செய்த பூஜைதான் அதை நிறுத்தியிருக்கிறது. கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையைத் தனபால் சாருக்குத்தான் எழுதினேன்.

முனிரத்தினம் மாமா மூக்கைச் சொறிந்துகொண்டு யோசித்தார். அக்கா மகள் அத்தனை பேருக்கு முன்னால் வாசலுக்கு வந்து வண்டியைக் கிளப்பிவிட்டதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் புரியாமல் இல்லை. ராகு காலம் முடியட்டும் என்றார். பன்னிரண்டு அடித்ததும் தட்டு மாற்றினோம். வடை ஆறிப்போயிருந்தது. அவ்வளவு ருசியான வடையை நான் அப்புறம் சாப்பிட்டதே இல்லை. (சில வருஷம் கழித்து, வண்டியில் இருந்த கோளாறைத் தானே கண்டுபிடித்ததாக மாமா சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் மறுக்கவில்லை.)

வண்டியை விற்று வெகுகாலம் ஆகிறது. கதை மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் யாரோடும் பேசாமல் உர்ரென்று உட்கார்ந்துவிடுவேன். உடனே வசந்தி சமையலறையிலிருந்தே மகளுக்குக் குரல் கொடுப்பாள்: "அடியே, உங்கப்பா நின்னுட்டாரு பாரு. போயி ஓட்டயத் தொறந்து வுடு." மகள் ஒரு கொண்டை ஊசியோடு வந்து, முடி கொட்டிப்போன என் உச்சந்தலையில் பட்டும் படாமலும் வைத்து, "ஸ்ஸ்ஸ்" என்பாள். என் கோபம் எத்தனை நியாயமானதாக இருந்தாலும் சரி, அதற்குமேல் தாங்காது. சிரித்துக்கொண்டே எழுந்து சாப்பிடப் போய்விடுவேன்.