பிடிக்காத உணவுத் திட்டம்

மனிதர்கள் தங்களுக்குப் பிடித்ததைச் சாப்பிடுகிறார்கள். இது பெரிய குறை என்றும், உரிய காலத்தில் கவனிக்காவிட்டால் கைமீறிப் போய்விடும் என்றும் தெரியவந்ததால் நல்லுணவுப் பழக்க வாரியம் அமைக்கப்பட்டது. அதன் பினாங்குக் கிளை ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இயங்கியது. கீழ்த்தளத்தில் முகம்மது சுல்தானின் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை. மேலே மக்களின் சாப்பாட்டைத் திருத்துகிறவர்கள் மதியம் கீழே இறங்குவார்கள். சோற்றின் மேல் எல்லாக் குழம்பையும் கலந்து வெள்ளமாக ஊற்றச் சொல்லிச் சாப்பிடுவார்கள். பிறகு மாடியேறிப் போய், விட்ட இடத்திலிருந்து திருத்துவார்கள். இதில் யாருக்கும் எந்தச் சிரமமும் இருந்ததில்லை.

லோகேஸ்வரி அங்கே ஒப்பந்த முறையில் உதவி அதிகாரியாகச் சேர்ந்திருந்தாள். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். சுங்கை பாக்காப்பில் அவள் அம்மா, மகள் அதிகாரி என்பதை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, ஒப்பந்தம் என்பதைத் தன்னோடு வைத்துக்கொண்டார். ஆண்டு முடிவில் ஒப்பந்தமும் முடியும். அவளை நிரந்தரமாக்குவதா, சுங்கை பாக்காப்புக்கே திருப்பி அனுப்புவதா என்பது கிளை இயக்குநர் பெர்னார்டின் ஒரு சொல்லில் இருந்தது. ஆகவே பெர்னார்ட் மனம் கோணும்படி எதுவும் செய்வதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். அவருக்கு முன்னால் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வாள்.

பெர்னார்ட் நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் ஏதாவது செய்து சமாளித்திருக்கலாம். பத்து ஃபெரிங்கி என்ற ஊரில் ஒரு கடற்கரை ஓட்டலில் நடந்த பயிற்சிக்குப் போய்வந்தவர், அடுத்த திங்கட்கிழமை காலை ஒரு ஐஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தார். பெட்டிக்குள் ஆளுக்கொரு கண்ணாடிப் போத்தல். போத்தலுக்குள் ராத்திரி முழுக்கப் பாலில் ஊறிய ஓட்ஸ். அதன் தலையில் தவளை முட்டை மாதிரி சியா விதைகள். மக்களின் பழக்கம் மாறுவதற்கு முன்னால் ஊழியர்களின் பழக்கம் மாற வேண்டும், இனிமேல் எல்லாருக்கும் தினமும் காலையில் பசியாற இதுதான், நானே விடியற்காலையில் எழுந்து வாழைப்பழம் நறுக்கிப் போட்டிருக்கிறேன் என்றார்.

முதல் நாள் எல்லாரும் சாப்பிட்டார்கள். சக ஊழியர் நூர் ஃபாத்திஹா விழுங்கிவிட்டுப் புன்னகை செய்தார். சீனரான மேடம் ஊய் மிகவும் சத்தாக இருக்கிறது என்றார். அது ஒரு ருசியின் பெயர் இல்லை என்பதை பெர்னார்ட் கவனிக்கவில்லை. மூத்த குமாஸ்தா தயாளன் கழிப்பறைக்குப் போய்வந்தார். லோகேஸ்வரிக்கு, சுவரொட்டி ஒட்டக் காய்ச்சிய பசை ஆறிப்போனால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது.

பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் விடியற்காலையில் எழுந்து ஒருவர் கைப்படச் செய்துகொண்டுவந்ததைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் வழக்கம் அவள் வளர்ந்த வீட்டில் இல்லை. அந்த ஒருவர்தான் இயக்குநர் என்றால் பேச்சே இல்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை. போத்தல் அவள் மேசைக்கு வந்தபோது வாய் தானாகத் திறந்து சொன்னது.

"இன்னிக்கு விரதம் சார்."

பெர்னார்ட் போத்தலைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டார். பினாங்கில் ஒருவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாம், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்கலாம், எடை கூடிவிட்டதே என்றும் கேட்கலாம். விரதம் என்று சொன்ன பிறகு மட்டும் அடுத்த கேள்வி கிடையாது.

லோகேஸ்வரி நேர்மையான பெண். சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக அன்று சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தாள்.

இதையெல்லாம் தயாளன் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டுக்கறி இல்லாத ஞாயிற்றுக்கிழமையை ஞாயிற்றுக்கிழமை என்றே ஒப்புக்கொள்ளாதவர் அவர். வியாழக்கிழமை அவருக்கும் விரதம் வந்தது. நூர் ஃபாத்திஹா, போன ரமலானில் விட்டுப்போன நோன்புகளை இப்போதே முடித்துவிடப் போவதாகச் சொன்னார். மேடம் ஊய் தங்கள் கோயிலில் இந்த மாதம் தானியம் ஆகாது என்றார். எந்தக் கோயில் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் இன நல்லிணக்கம் என்னாவது?

லோகேஸ்வரிக்குத் திங்கள் சிவனும், செவ்வாய் முருகனும், வியாழன் குருவும், வெள்ளி அம்மனும் துணையிருந்தார்கள். புதன்கிழமைதான் கவலையாக இருந்தது. மாடிப்படியில் தயாளனைத் தனியாகப் பிடித்தாள்.

"புதன்கிழமைக்கு யாருண்ணே இருக்கா?"

தயாளன் யோசித்தார். "புதன் பகவான்தாம்மா. நவக்கிரகத்துல ஒரு ஓரமா நிக்கிறாரு. சனிக்கு எள்ளு, குருவுக்கு மாலைன்னு ஆளாளுக்கு ஓடுறாங்க. இவர யாரு பாக்குறா? நீ இரு."

"நீங்க?"

"நானும் இருக்கேன்லா. பாவம் அவரு."

இப்படியாகக் கிளை முழுவதும் வாரம் முழுவதும் விரதத்தில் ஆழ்ந்தது. பெர்னார்டின் கண்கள் கலங்கின. இத்தனை பக்திமான்களோடு வேலை செய்துகொண்டு இத்தனை நாள் தெரியாமல் இருந்துவிட்டேனே என்று வருந்தினார். சுற்றிலும் எல்லாரும் பட்டினி கிடக்கும்போது தான் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவது முறையில்லை என்று, கிறிஸ்தவர்களின் தவக்காலம் முடிந்து மாதக்கணக்கான பின்னும் அவரும் நோன்பைத் தொடங்கினார். கூட்டங்களில் வைக்கும் கறிபாஃப்பும் குவே பலகாரமும் மரியாதையுடன் நிறுத்தப்பட்டன. நோன்பிருப்போரின் மனம் சஞ்சலப்படாதிருக்க, தண்ணீர்க் குழாயின் மேல் ஒரு துணி போர்த்தப்பட்டது. போத்தல்கள் மட்டும் தினமும் வந்தன, யாருக்காவது விரதம் முடிந்துவிட்டால் உதவுமே என்று.

மதிய நேரத்தில் கீழிருந்து குழம்பு வாசம் மாடியேறி வரும். ஐவரும் அவரவர் கணினித் திரையைப் பார்த்தபடி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு நாள் சாயங்காலம் லோகேஸ்வரி சுவரைப் பிடித்தபடி இறங்கிவந்தபோது சுல்தான் மறித்தார்.

"தங்கச்சி, மேல உள்ளவங்க யாரும் கீழ வர்றதில்லையே. என் குழம்பு கெட்டுப்போச்சா?"

எல்லாருக்கும் விரதம் என்றாள்.

"நாலு மதத்துக்கும் ஒண்ணாவா?" சுல்தான் கரண்டியைக் கீழே வைத்தார். "ஏதும் பெரிய சங்கதி நடக்கப்போகுதா? தெரிஞ்சா சொல்லிடு, நான் புதுசா அரிசி எடுக்காம இருந்துக்கிறேன்."

அவளுக்கு உள்ளபடியே சொல்லிவிட ஆசைதான். ஆனால் ஆண்டு முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயர் ஈத்தாம் பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, தங்கியிருந்த அறைக்குப் போய் மேகி வேகும்வரை பொறுக்காமல் கடித்துத் தின்றாள்.

இதற்கிடையில் பெர்னார்ட் தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பினார். மற்றக் கிளைகள் தேநீரில் அரைக் கரண்டி சீனியைக் குறைத்ததற்கே படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தபோது, பினாங்குக் கிளை உணவையே ஒழித்துவிட்ட செய்தி கோலாலம்பூரில் பெரும் மகிழ்ச்சியை உண்டாக்கியது. டத்தோ பட்டம் பெற்ற வாரியத் தலைவர் நேரிலேயே புறப்பட்டு வந்தார்.

வரவேற்பு எளிமையாக இருந்தது, கொடுக்க ஒன்றுமில்லை. டத்தோ ஊழியர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தயாளனின் கால்சட்டை இடுப்பில் நிற்க மறுத்ததைக் கண்டு உச்சுக்கொட்டிப் பாராட்டினார். இதைத் தொடங்கிவைத்தது யார் என்று கேட்டபோது, பெர்னார்ட் பெருமையோடு லோகேஸ்வரியை முன்னால் தள்ளினார். இப்படிப்பட்டவளை இன்னுமா ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று டத்தோ வியந்தார். இன்றைக்கே நிரந்தரமாக்கிவிடலாம், அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இந்தச் சாதனையின் ரகசியத்தை எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும்.

அவளிடம் தயாராக ஒரு வாக்கியம் இருந்தது. உணவுக் கட்டுப்பாடு என்பது மனக் கட்டுப்பாடு என்று தொடங்கும். முந்தின இரவு கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்ததுதான். அதைச் சொன்னால் வேலை. அம்மா சொல்லித் திரிந்தது அத்தனையும் உண்மையாகிவிடும். அவள் வாயைத் திறந்தாள். பசி மயக்கத்தில் டத்தோவின் மூன்று முகங்கள் தெரிந்தன. எந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வது என்று அவளுக்குப் புரியவில்லை.

"எனக்கு ஓட்ஸ் பிடிக்காது, டத்தோ" என்றாள்.

பெர்னார்ட் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "ஒரு நாளும் சொல்லலையேம்மா" என்றார், மெதுவாக.

ஒன்று உடைந்தபின் மற்றதும் உடைந்தது. தங்களுக்கும் பிடிக்காது என்று தயாளனும் நூர் ஃபாத்திஹாவும் தரையைப் பார்த்துச் சொன்னார்கள். தானியம் ஆகாத கோயில் எதுவும் தனக்குத் தெரியாது என்று மேடம் ஊய் ஒப்புக்கொண்டார். லோகேஸ்வரி மனத்துக்குள் துணிமணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

டத்தோ பெரிய பதவிக்கு வந்தது சும்மா இல்லை. அப்படியானால், என்றார், இவர்கள் சாப்பிடாமல் இருந்ததற்குக் காரணம் பக்தியில்லை, பிடிக்காத உணவு. பக்தியை நாடு முழுவதும் விநியோகம் செய்ய முடியாது. பிடிக்காத உணவைச் செய்யலாம்.

அங்கேயே திட்டம் பிறந்தது. ஒவ்வொருவருக்கும் எது அறவே பிடிக்காதோ, அதை மட்டும் வாரியம் தினமும் வழங்கும். வேறெதுவும் சாப்பிடக் கூடாது. ரசித்துச் சாப்பிடுவதாகத் தெரிந்தால் அந்த உணவு உடனே நிறுத்தப்படும். இதைக் கண்காணிக்க லோகேஸ்வரி விருப்பின்மை அதிகாரியாக, நிரந்தரமாக, நியமிக்கப்படுகிறாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். உண்மை சொன்னதற்கு வேலை கிடைக்கும் என்று பல்கலைக்கழகத்தில்கூட அவளுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

முதல் கடமையாக, யாருக்கு எது பிடிக்காது என்று கேட்டாள். தயாளன் கொஞ்சமும் தயங்கவில்லை.

"ஆட்டுக்கறிம்மா. பாத்தாலே ஒரு மாதிரி வரும்."

"அண்ணே."

"எலும்போட இருந்தா இன்னும் மோசம். குழம்பு கெட்டியா இருந்துச்சுன்னு வையி, என்னால தாங்கவே முடியாது."

நூர் ஃபாத்திஹாவுக்குத் தோலோடு பொரித்த கோழி பிடிக்காது. மேடம் ஊய்க்கு மீன் முட்டைக் குழம்பு சிறுவயதிலிருந்தே ஆகாது. பெர்னார்ட் இப்படியொரு பொய்யைச் சொல்லலாமா என்று கொஞ்ச நேரம் மனத்தோடு போராடினார். வாரக்கணக்கான நோன்பு வென்றது. மீன் தலைக் கறி என்றார். டத்தோவும் போகிற போக்கில், தனக்குப் பெரிய இறால் பிடிக்காது என்றும், பினாங்கில் இருக்கும்வரை அதைக் கடைப்பிடிக்கத் தயார் என்றும் தெரிவித்தார். லோகேஸ்வரியை யாரும் கேட்கவில்லை. அவளுக்கு எது பிடிக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

பெர்னார்ட் செய்யும் ஓட்ஸைத் தவிர மற்ற உணவு வழங்கும் பொறுப்பு சுல்தானுக்குப் போனது. அவருக்கு மகிழ்ச்சிதான், விவரம் தெரியும்வரை.

"என் கறி பிடிக்கலைன்னா எதுக்குத் தினமும் வேணும்ங்கிறாங்க?"

"பிடிக்காததாலதான் சுல்தாண்ணே."

"அப்ப தயாளன் ஏன் இன்னொரு எலும்பு போடச் சொல்றாரு?"

"ரொம்பப் பிடிக்கலையாம்."

சுல்தான் உள்ளே போய் எல்லாக் குழம்பையும் ஒருமுறை ருசித்துப் பார்த்தார்.

நாள்தோறும் மதியம் ஊழியர்கள் வரிசையாக உட்கார்ந்து முகத்தைச் சுளித்தபடி சாப்பிட்டார்கள். லோகேஸ்வரி மேற்பார்வையிட்டாள். தயாளன் ஒவ்வொரு துண்டுக்கும் கண்ணை இறுக மூடி, தலையை இருபுறமும் ஆட்டி, ஆழ்ந்த வேதனையோடு எலும்பை உறிஞ்சினார். மேடம் ஊய் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். முதல் மாதம் திட்டம் மிகச் சிறப்பாக நடந்தது.

இரண்டாம் மாதம் சுளிப்புக்கு அவ்வளவு முயற்சி தேவைப்படவில்லை. திங்களும் ஆட்டுக்கறி, செவ்வாயும் ஆட்டுக்கறி, புதனும் ஆட்டுக்கறி. நூர் ஃபாத்திஹா கோழியின் தோலை உரித்து ஓரமாக வைத்தார். பெர்னார்ட் மீன் தலையைப் பார்ப்பார், மீன் தலை அவரைப் பார்க்கும், யாராவது ஒருவர் முதலில் கண்ணை விலக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மனைவி கறி சமைத்தபோது தயாளன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வேறு ஏதாவது கொடுங்கள் என்று கேட்கலாம்தான். ஆனால் என்ன காரணம் சொல்வது? பிடிக்கவில்லை என்றா? அதைத்தான் முதலிலேயே சொல்லியிருந்தார்களே.

சுல்தான் கொண்டுவந்ததில் பாதி திரும்பிப் போனது. உணவு உட்கொள்ளல் பாதியாகக் குறைந்ததாக வாரியம் பெருமையோடு அறிவித்தது. வெற்றியைக் கண்டு அடுத்த ஆண்டு முதல் திட்டத்தைப் பொதுமக்களுக்கும் விரிவுபடுத்தப் போவதாகச் செய்தி வந்தது. ஆயர் ஈத்தாம் பேருந்தில் ஆட்கள் இப்போதே டுரியான் பழம் என்றால் தங்களுக்குக் குமட்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பழக ஆரம்பித்துவிட்டார்கள்.

லோகேஸ்வரிக்கும் ஒரு சங்கடம் வந்தது. ஒரு நாள் மதியம், வேலை மும்முரத்தில் கரண்டி போத்தலின் அடியில் தட்டும் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டாள். காலி. ஓரத்தில் ஒட்டியிருந்ததைக்கூட வழித்திருந்தாள். குளுகுளுவென்று, வாழைப்பழ வாசத்தோடு, நன்றாகவே இருந்தது. எப்போதிலிருந்து இப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. பிடித்த உணவு நிறுத்தப்பட வேண்டும் என்ற விதியை அமல்படுத்துகிறவள் அவள்தான். தவிர, தனக்கே ஓட்ஸ் பிடிக்கும் என்றால் வாரியத்துக்கு எதற்கு இப்படியொரு விருப்பின்மை அதிகாரி? அம்மா இப்போதுதான் சுங்கை பாக்காப்பில் 'நிரந்தரம்' என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

பெர்னார்ட் அவள் மேசையருகே வந்து நின்றார். காலிப் போத்தலைப் பார்த்தார்.

"எப்படியிருந்துச்சு லோகேஸ்வரி?"

அந்த நேர்மையான பெண் கரண்டியைக் கீழே வைத்தாள். மூக்கைச் சுருக்கி, கண்ணை இடுக்கி, உதட்டைக் கோணினாள். தயாளனைப் பார்த்துக் கற்றதெல்லாம் வீண்போகவில்லை.

"சகிக்கல சார்" என்றாள்.

பெர்னார்ட் மனம் நிறைந்து தலையாட்டினார். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு, தன் மேசையில் காத்திருந்த மீன் தலையை நோக்கி நடந்தார்.